பூ ஒயின் முதல் தடவை: செம்பருத்தித் தண்ணி வழவழன்னு, புளிப்பே இல்லாம வருது

பாளைவாசி:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மெல்போர்ன்ல இருக்கிற மைத்துனர் வீட்டுல இந்த வருசம் பூ ஒயின் போட்டுப் பாக்கணும்னு நிக்காங்க. 4.5 லிட்டர் கண்ணாடி ஜாடி, காத்துப்பூட்டு (உள்ள வர்ற வாயுவை வெளிய விட்டு, வெளிக்காத்தை உள்ள விடாத மூடி), அடர்த்திமானி (சர்க்கரை எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டுற மிதவை) எல்லாம் வாங்கி வச்சாச்சு. கையில இருக்கிற குறிப்பு இதுதான்: காய்ஞ்ச 'ஹைபிஸ்கஸ்' 60 கிராம், சர்க்கரை 1 கிலோ, ஈஸ்ட்டு 1 பாக்கெட், மீதிக்குத் தண்ணி. ஹைபிஸ்கஸ்னா செம்பருத்திதானேன்னு, இங்க தோட்டத்துல பூத்த அடுக்குச் செம்பருத்தியைக் காய வச்சு ஒரு கைப்பிடி வெந்நில போட்டுப் பாத்தேன். தண்ணி கத்திரிப்பூ நிறத்துல வருது. கரண்டியைத் தூக்குனா வெண்டைக்காய் மாதிரி நூல் இழுக்கு. வாயில வச்சா புளிப்புன்னு ஒண்ணுமே இல்ல. குறிப்பு தப்பா, பூ தப்பா?

இன்னொண்ணு. கிறிஸ்துமசுக்கு இங்க பாளையங்கோட்டையில நம்ம வீட்டுலயும் அதே பூவுல எதாவது செய்யலாமா? சின்னப் பிள்ளைகளும் குடிக்கிற மாதிரி இருந்தா நல்லது.

கலயம்:

பூதான் தப்பு. கடையில 'ஹைபிஸ்கஸ் டீ'ன்னு விக்கிறது நம்ம வேலியோரச் செம்பருத்தி இல்ல. அது சிவப்புப் புளிச்சைச் செடி, ரோசெல்னு சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே குடும்பம், அதனாலதான் பேரு குழம்புது. அதுலயும் பூவிதழை எடுக்கிறதில்ல. இதழ் உதிர்ந்த பிறகு காயைச் சுத்தித் தடிச்சு நிக்கிற சிவப்புப் புல்லி இருக்கே, அதைத்தான் உரிச்சுக் காய வைக்காங்க. அதுல புளிப்பு, நிறம், கொஞ்சம் துவர்ப்பு மூணும் இருக்கு. குறிப்புல எலுமிச்சை இல்லாததும் அதனாலதான். ஆஸ்திரேலியாவுல 'ரோசெல்லா'ன்னு கேட்டா கிடைக்கும். இங்கேருந்து பூ எதையும் பார்சல் போட வேண்டாம், அங்க எல்லைச் சோதனை ரொம்பக் கெடுபிடி.

தோட்டத்துச் செம்பருத்தியில நிறம் மட்டும்தான். நீங்க பாத்த கத்திரிப்பூ நிறத்துல ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்க, கண்ணு முன்னாலயே ரத்தச் சிவப்பா மாறும். புளிப்பு ஏறினா அந்தச் சாயம் சிவக்கும், குறைஞ்சா நீலம் பாயும். வழவழப்பு, இதழ்ல இருக்கிற பசையால. அதை ஒயின்ல போட்டா கடைசி வரைக்கும் தெளியாது.

ரெண்டாவது கேள்விக்கு முதல்லயே ஒண்ணைச் சொல்லிடுதேன். உரிமம் இல்லாம மது தயாரிக்கிறதை 1937-ஆம் வருசத்துத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் தடுக்குது. வீட்டுக்குத்தான், விக்கிறதுக்கு இல்லன்னு சொன்னாலும் அது விலக்கு ஆகாது. பாளையில புளிக்காத பானமாச் செய்யுங்க. மெல்போர்ன்ல சொந்த உபயோகத்துக்கு ஒயின் போடலாம், ஆனா காய்ச்சி வடிக்கிறதுக்கு அங்கயும் அனுமதி வேணும். கீழ ஒயின் பத்தி வரப்போறதெல்லாம் அவங்களுக்குன்னு வச்சுக்கிடுங்க.

தண்ணிக்கரை:

பூ ஒயின்ல எல்லாரும் சறுக்குற இடத்தை அண்ணாச்சி தொட்டுட்டாரு. நான் விரிச்சுச் சொல்லுதேன். திராட்சையில சர்க்கரை, புளிப்பு, துவர்ப்பு, ஈஸ்ட்டுக்குத் தீனி நாலும் இருக்கு, நசுக்கி விட்டாலே ஒயின் ஆகும். பூவுல இருக்கிறது வாசனையும் நிறமும்தான். மத்த நாலையும் நாமதான் அளந்து போடணும். எதை விட்டாலும் அது குறையாத் தெரியும்: புளிப்பை விட்டா மருந்துத் தண்ணி மாதிரி சப்புன்னு இருக்கும், தீனியை விட்டா பாதியில நிக்கும்.

4.5 லிட்டருக்குக் கணக்கு இது.

சர்க்கரை 1 கிலோ 50 கிராம். தண்ணி 3.9 லிட்டர். 1 கிலோ சர்க்கரை கரைஞ்சாலே 600 மில்லிக்கு மேல இடம் பிடிக்கும், அதனால 4.5 லிட்டர் தண்ணியை அளந்து ஊத்திடாதீங்க. இந்த அளவுக்கு அடர்த்திமானி 1.090 கிட்ட காட்டணும். மானி 20 டிகிரிக்கு அளவு போட்டது. 30 டிகிரித் தண்ணியில சுமார் 0.002 குறைச்சுக் காட்டும், அதைக் கூட்டிக்கிடுங்க. முடிவுல 0.996-க்கு இறங்கினா, வித்தியாசத்தை 131-ஆல பெருக்குங்க, ஆல்கஹால் 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வரும். முதல் தடவைக்கு இதுக்கு மேல ஆசைப்பட வேண்டாம்.

ரோசெல்னா காய்ஞ்ச புல்லி 60 கிராம். கொதிக்கிற தண்ணியை மேல ஊத்தி 20 நிமிசம் மூடி வச்சு வடிங்க. அடுப்புல வச்சுக் கொதிக்க விட்டா வெந்த கீரை வாடை வந்துரும். புளிப்பும், துவர்ப்புக்குன்னு தேயிலையும் தனியா வேண்டாம். பிஹெச் தாள்ல (புளிப்பை அளக்குறது, எண் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) 3.2-லேருந்து 3.6 வரைக்கும் நல்லது. 3-க்குக் கீழ போனா ஈஸ்ட்டு திணறும். தண்ணியும் சர்க்கரையும் கூட்டி நீர்க்க விடுங்க, இல்லன்னா லிட்டருக்குச் சுமார் 1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் போடுங்க.

ரோஜான்னா கதை வேற. புது இதழ், அழுத்தாம அள்ளுனா 2 லிட்டர் பாத்திரம் நிறையணும். இதழோட அடியில வெள்ளையா இருக்கிற முனையைக் கிள்ளி எறியணும், கசப்பு அங்கதான். டார்டாரிக் அமிலம் 18 கிராம். அதுக்குப் பதிலா எலுமிச்சைன்னா பெருசா 6 பழத்துச் சாறு பிடிக்கும், ஆனா ரோஜா வாசனையை எலுமிச்சை அமுக்கும். 2 ஸ்பூன் தேயிலையில இறக்குன கெட்டி டிகாஷன் 1 டம்ளர், துவர்ப்புக்கு. இதழ்ல பாதியை ஆரம்பத்துல போடுங்க, மீதியை முதல்ல நுரைச்சுப் பொங்குறது அடங்கின பிறகு 4 நாள் ஊற விடுங்க. மொத்தத்தையும் முதல்லயே போட்டா, பொங்கி வெளிய போற வாயுவோட வாசனையும் போயிரும். வீடு மணக்கும், கிளாஸ் மணக்காது.

ஈஸ்ட்டு ரொட்டிக்குப் போடுறது வேண்டாம். 10, 12 சதவீதத்துல களைச்சுப் போகும், அடியில உறுதியாப் படியாது, மாவு வாடை தங்கும். பூவுக்கு லால்வின் கே1-வி1116ங்கிற ஒயின் ஈஸ்ட்டு பொருத்தம், 10-லேருந்து 35 டிகிரி வரை தாங்கும். 5 கிராம் பாக்கெட் ஒண்ணு போதும். 35-லேருந்து 40 டிகிரி வெதுவெதுப்புல 50 மில்லித் தண்ணியில தூவி 15 நிமிசம் விட்டு, கலக்கிச் சேருங்க. ஜாடித் தண்ணிக்கும் இதுக்கும் 10 டிகிரிக்கு மேல வித்தியாசம் கூடாது. சூட்டுல தூக்கிப் போட்டா செத்துரும், அதுக்கப்புறம் 3 நாள் காத்துப்பூட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

தீனி, அதாவது ஈஸ்ட்டுக்குன்னு விக்கிற அமோனியம் பாஸ்பேட், மொத்தம் 4 கிராம். ரெண்டு கிராம் மறுநாள், ரெண்டு கிராம் அடர்த்தி 1.060 கிட்ட வரும்போது. வயலுக்குப் போடுற டிஏபியும் யூரியாவும் பக்கத்துலயே வரக்கூடாது. உர டிஏபி சாப்பாட்டுத் தரம் கிடையாது. யூரியா, ஆல்கஹாலோட சேர்ந்து எத்தில் கார்பமேட்னு ஒரு நச்சைக் கொடுக்கும்.

முதல் 5, 6 நாள் அகலமான பிளாஸ்டிக் வாளியில, வாயில துணி கட்டி. சாப்பாட்டுக்கான பிளாஸ்டிக்கா இருக்கணும். தினம் ரெண்டு தடவை கிண்டி விடுங்க, ஈஸ்ட்டு பெருக அப்போ காத்து வேணும். அடர்த்தி 1.010-க்கு வந்ததும் குழாய் வச்சு ஜாடிக்கு மாத்தி, கழுத்து வரைக்கும் நிறைச்சு, காத்துப்பூட்டு. இதுக்கு மேல காத்து எதிரி. 3, 4 வாரத்துல அடிவண்டலை விட்டு மறுபடி மாத்துங்க. தெளிஞ்சு, ஒரு வாரம் இடைவிட்டு எடுத்த மூணு அளவும் ஒரே எண்ணைக் காட்டினாத்தான் பாட்டில். குடிக்கிறதுக்கு அதுக்கு மேல 3 மாசமாவது. கிறிஸ்துமசுக்கு வேணும்னா மே, ஜூன்லயே ஆரம்பிக்கணும், அங்க அப்போ குளிர்காலம், ஜாடியை வீட்டுக்குள்ள வைக்கணும்.

பாளைவாசி:

ரொம்ப நன்றி. எலுமிச்சை விட்டுப் பாத்தேன், சொன்ன மாதிரியே சிவந்துருச்சு.

அடுத்த சந்தேகம். இங்க சர்பத் மாதிரி செய்யுறதுக்குச் சங்கரன்கோவில் சந்தையிலயோ தோவாளையிலயோ ரோஜா வாங்கலாமா? மல்லி, பிச்சி? சர்க்கரைக்குப் பதிலா உடன்குடிக் கருப்பட்டி போட்டா உடம்புக்கு நல்லதுங்காங்க, அது சரி வருமா? இலுப்பைப்பூவுல தனியாச் சர்க்கரையே போட வேண்டாம்னும் ஒருத்தர் சொன்னாரு.

பொதிகைச்சாரல்:

தம்பி, சந்தைப் பூ மாலைக்கும் தலைக்கும். அதைத் தின்கிற பொருளா யாரும் வளர்க்கலை. மொக்குப் புழுவுக்கும் இலைப்பேனுக்கும் மருந்து அடிச்சு, மறுநாளே பறிச்சு ஏத்துவாங்க. கழுவினா மேல இருக்கிறது கொஞ்சம் போகும், உள்ள ஏறுன மருந்து போகாது. வீட்டுல மருந்தடிக்காம நிக்கிற பன்னீர் ரோஜா இருந்தா அதை எடுங்க. காலை வெயில் ஏறும் முன்னால, பனி உலர்ந்த உடனே பறிக்கணும். பத்து மணி வெயில் பட்டுட்டா நம்ம ஊர்ல மணம் பாதியாயிரும். மல்லி, பிச்சி ரெண்டும் மணம் ஜாஸ்தி, ஆனா தண்ணியில ஊறினா கசப்பு இறங்கும். 2 லிட்டருக்கு ஒரு கைப்பிடிக்கு மேல வேண்டாம், அதையும் ராத்திரி போட்டு விடியக்காலம் எடுத்துரணும்.

எல்லாப் பூவும் பூதானேன்னு நினைச்சுராதீங்க. அரளி எந்த நிறமானாலும் விஷம், இதயத்தை நிறுத்தும். பொன்னரளின்னு மஞ்சளாப் பூக்குமே, அதுவும் அப்படித்தான். ஊமத்தை, எருக்கு, செங்காந்தள், நித்தியகல்யாணி எல்லாம் தொடக்கூடாதது. கொதிக்க வச்சாலோ புளிக்க வச்சாலோ அந்த விஷம் போகாது. பூப்பறிக்கப் பிள்ளைகளை அனுப்பினா, கூடையை நீங்க ஒரு தடவை கொட்டிப் பாத்துட்டு அப்புறம் கழுவுங்க.

கருப்பட்டி. பதநீர் இறக்குற கலயத்துல உள்பக்கம் சுண்ணாம்பு தடவுதாங்க இல்லையா, அது இல்லன்னா விடியுறதுக்குள்ள கள் ஆயிரும்னு. சுண்ணாம்புக் காரத்துல ஈஸ்ட்டு எழும்பாது. அந்தச் சுண்ணாம்புல கொஞ்சம் கருப்பட்டி வரைக்கும் வரும். நீங்க பூவுக்குன்னு அளந்து போட்ட புளிப்பை அது அடிச்சுரும், நிறமும் செத்துப் பழுப்பாகும். அதை விடுங்க, கருப்பட்டி வாசனைக்கு முன்னால ரோஜா எங்க நிக்கும்? சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டி, பூவுக்கு வெள்ளைச் சீனி. பனங்கற்கண்டு போடலாம், காசு இருந்தா.

இலுப்பைப்பூ விசயம் நிஜம். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை'ன்னு சும்மாவா சொன்னாங்க? கரும்பாலை இல்லாத ஊர்ல அதுதான் இனிப்பு. காய்ஞ்ச பூவுல பாதிக்கு மேல சர்க்கரைதான். பூக்கள்ல இது மட்டும் விதிவிலக்கு. பங்குனி, சித்திரையில விடியக்காலம் தானா உதிரும். மரத்தடியில பழைய வேட்டியை விரிச்சு வச்சா மண்ணு ஒட்டாது. உள்ள இருக்கிற மகரந்தக் காம்புகளை உதறிட்டு, ரெண்டு நாள் நல்ல வெயில்ல காய வைங்க. சதைப்பத்தான பூ, சாயங்காலம் வரைக்கும் குவிச்சுப் போட்டு வச்சாலே புளிச்ச வாடை ஆரம்பிச்சுரும். ஆனா மணம் ஒரு மாதிரி கனமா இருக்கும், ரோஜாவை நினைச்சுக் குடிச்சா முகம் சுளிப்பாங்க. பாயசத்துல போட்டா அருமை.

கலயம்:

பாளையில செய்யுறதுக்கு, இதோ. இதுல கவனிக்க வேண்டியது, ஒயின்காரன் ஈஸ்ட்டை வளர்க்கப் பாடுபடுதான், நீங்க ஈஸ்ட்டு வராம இருக்கப் பாடுபடணும். பூவுலயும் காத்துலயும் காட்டு ஈஸ்ட்டு தாராளமா இருக்கு. நம்ம ஊர்ச் சூட்டுல, நீர்க்கக் கரைச்ச பூத்தண்ணியை மேசையில ஒரு ராத்திரி விட்டாலே மறுநாள் ஓரத்துல முத்து முத்தா நுரை கட்டும்.

அதனால கெட்டிப் பாகா வையுங்க. காய்ஞ்ச ரோசெல் புல்லி 50 கிராம், கொதிநீர் 700 மில்லி, மூடி 20 நிமிசம். வடிச்சா 600 மில்லி கிட்ட வரும், குறைஞ்சா வெந்நி விட்டு 600 ஆக்குங்க. அதுல சீனி 1 கிலோ, சின்னத் தீ. கரைஞ்சு ஒரு கொதி வந்ததும் நிறுத்துங்க, கம்பிப்பதம் வேண்டாம். ஆற விடாம, சூடு 85 டிகிரிக்குக் குறையும் முன்னால, வெந்நியில கொதிக்க வச்சு எடுத்த கண்ணாடிப் பாட்டில்ல ஊத்தி மூடி, 2 நிமிசம் தலைகீழா வைங்க. மூடியோட உள்பக்கமும் சூடு பட்டுரும். இவ்வளவு சீனியும் புளிப்பும் இருந்தா ஈஸ்ட்டு சாதாரணமா எழும்பாது. திறந்த பிறகு பிரிட்ஜ்ல, ஒரு மாசத்துக்குள்ள தீத்துருங்க. ஒரு பங்கு பாகுக்கு 4 அல்லது 5 பங்கு தண்ணி. கரைச்சது அன்னிக்கே காலியாகணும்.

தோட்டத்துச் செம்பருத்தியிலயே செய்யணும்னா, பச்சைக் காம்பையும் நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிற தண்டையும் எடுத்துட்டு, 20 ஒத்தைச் செம்பருத்திப் பூவோட இதழ். பசை இறங்காம இருக்க 5 நிமிசத்துலயே வடிச்சு, பெரிய புளியங்குடி எலுமிச்சையா 4 பிழிஞ்சு விடுங்க. எலுமிச்சையை அடுப்பு அணைச்ச பிறகுதான் சேக்கணும், இல்லன்னா கசக்கும்.

விருந்து மேசைக்கு ஒயின் மாதிரி தெரியணும்னா, கரைக்கும்போது தண்ணியில பாதியைச் சில்லுன்னு இருக்கிற சோடாவா ஊத்துங்க. பட்டை ஒரு துண்டு, கிராம்பு 3, பாகு கொதிக்கும்போதே போட்டு வடிச்சுரணும். துவர்ப்புக்கு லேசான தேயிலை டிகாஷன் ரெண்டு ஸ்பூன். அந்தத் துவர்ப்புதான் சர்பத்துக்கும் ஒயினுக்கும் நாக்குல தெரியுற வித்தியாசம், இதை நிறைய பேர் விட்டுருதாங்க.

தண்ணிக்கரை:

மெல்போர்ன்காரங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை சொல்ல விட்டுட்டேன்.

பாட்டில் வெடிக்கிறது. 1 கிலோ சர்க்கரை முழுசாப் புளிச்சா சுமார் 250 லிட்டர் கரியமில வாயு வெளிய வரும். காத்துப்பூட்டு இருக்கிற வரைக்கும் அது குமிழி விட்டுப் போயிரும். 'நுரை நின்னுருச்சு, முடிஞ்சுது'ன்னு நம்பி இறுக்கி மூடுறவங்கதான் மாட்டுதாங்க. குளிர்ல தூங்கின ஈஸ்ட்டு கோடை வந்ததும் முழிச்சுக்கும், மெல்போர்ன்ல டிசம்பர் கோடை. கண்ணாடி தெறிச்சா கண்ணு போயிரும். நுரையைப் பாக்காதீங்க, மானியைப் பாருங்க. 1.010-லயே நகராம நின்னா அது முடிவு இல்ல, முடக்கம். ஜாடியை 22 டிகிரி அறைக்கு மாத்தி, மெதுவா ஆட்டி அடிவண்டலைக் கிளப்பி விடுங்க. வாரத்துல அசையலன்னா புது ஈஸ்ட்டைத் தனியா டம்ளர்ல எழுப்பி, அதுக்கு ஜாடியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிப் பழக்கிட்டு மொத்தமாச் சேருங்க. இனிப்பு வேணும்னு கடைசியில சீனி போடுறதும் இதே ஆபத்துதான், குடிக்கும்போது கிளாஸ்ல போட்டுக்கிடலாம்.

வாடை. அழுகின முட்டை வாடை வந்தா ஈஸ்ட்டுக்குத் தீனி பத்தலை, ஆரம்ப நாள்னா தீனியில மீதியைப் போட்டு நல்லாக் கிண்டுங்க. காடி வாடை வந்தா காத்து புகுந்திருக்கு, இல்ல பழ ஈ உள்ள போயிருக்கு. காடி ஆனது ஆனதுதான், திரும்பாது, ஊறுகாய்க்கு வச்சுக்கிடுங்க. பஞ்சு மாதிரி நிறநிறமாப் பூசணம் பிடிச்சா மட்டும் அப்படியே கொட்டணும்.

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி. செம்பு, பித்தளை, அலுமினியம் புளிப்புக்கு ஆகாது. பழைய ஊறுகாய்ப் பரணியும் வேண்டாம், சில மெருகுல ஈயம் இருக்கும், மாசக்கணக்குல புளிப்புல ஊறினா இறங்கும். ரோசெல் சிவப்பு வெளிச்சம் பட்டா செங்கல் நிறமாயிரும், ஜாடிக்கு ஒரு சாக்கு போத்தி வைங்க, பாட்டிலும் கரும்பச்சையோ பழுப்போ.

பாளைவாசி:

எல்லாத்தையும் அப்படியே மைத்துனருக்கு அனுப்பிட்டேன். இங்க நமக்கு ரோசெல் பாகு. பொதிகை அக்கா, வடிச்ச பிறகு மிஞ்சுற புல்லிச் சக்கையை என்ன செய்ய? வீசவும் மனசு வரல, இன்னும் புளிப்பா இருக்கு.

பொதிகைச்சாரல்:

வீசாதீங்க தம்பி, அது புளிச்சக்கீரைதானே. ஒட்டப் பிழிஞ்சு எடுங்க. 50 கிராம் போட்ட சக்கைக்கு வத்தல் 6, பூண்டு 8 பல், கால் ஸ்பூன் வெந்தயம் வறுத்தது, உப்பு. அம்மியிலயோ மிக்சியிலயோ தண்ணி விடாம அரைச்சு, நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி காய வச்சுக் கடுகு போட்டு, எண்ணெய் பிரியுற வரைக்கும் வதக்குங்க. புளி தனியா வேண்டாம். சீனி போடுறதுக்கு முன்னாலயே சக்கையை வடிச்சு எடுத்துரணும், இல்லன்னா தொக்கு இனிச்சுக் கிடக்கும்.